அடுத்த தொற்று வந்தால் பள்ளியைச் சாத்தாமல் நடத்த என்ன வழி? (சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெற்றோரும் ஆசிரியர்களும் எழுதுங்கள்)

வேலந்தாவளம்_டீச்சர் | இழை தொடக்கம்

எல்லோருக்கும் வணக்கம். கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூகாவில், தமிழ்நாட்டு எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு தமிழ் வழி எல்.பி. (கீழ்நிலைத் தொடக்க) பள்ளியில் நான் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழக) கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "2025 ஜூலையில் நம்ம மாவட்டத்திலேயே நிபா வந்தது. வார்டு வார்டாக அடைத்தார்கள். நாளைக்குக் கொரோனா மாதிரி ஒன்று மறுபடி வந்தால் நம்ம ஸ்கூல் என்ன செய்யும்?" அரசு உத்தரவு வரும், அதன்படி நடப்போம் என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். 2020 மார்ச் 10ஆம் தேதி சின்ன வகுப்புகளை நிறுத்தச் சொல்லி அறிவிப்பு வந்தது. எங்கள் பிள்ளைகள் மறுபடி வகுப்பறைக்குள் கால் வைத்தது 2021 நவம்பர் 1, கேரளப் பிறவி நாளில். இடையில் பத்தொன்பது மாதத்துக்கும் மேல். 2020 ஜூனில் பெயர் சேர்த்த குழந்தைகள் ஒன்றாம் வகுப்பைப் பார்க்காமலே இரண்டாம் வகுப்புப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். அ, ஆ வரிசையை ராகமாகப் பாடினார்கள். கரும்பலகையில் 'இ' எழுதிக் காட்டி இது என்ன என்றால் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு கஷ்டம் உண்டு. பேருந்துப் பலகை, ரேஷன் கடை, பஞ்சாயத்து நோட்டீஸ் எல்லாம் பெரும்பாலும் மலையாளம். வீட்டில் பேசுவது தமிழ், ஆனால் தமிழ் எழுத்தைப் பிள்ளை பார்க்கிற இடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான். 2020 ஜூன் 1ஆம் தேதி கேரள அரசின் கல்விச் சேனலான விக்டேர்ஸ் சேனலில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்பு தொடங்கியது. அது நல்ல முயற்சி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் டிவியைத் திறந்தால் மலையாளம். தமிழ் வழிப் பாடத்தை யூடியூபில் தேட வேண்டும், அதற்கு போன் வேண்டும், டேட்டா வேண்டும். அப்பா போனை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டால் அன்றைக்குப் பாடம் இல்லை.

என் கேள்வி இதுதான். பள்ளியை எப்போது மூடுவது என்பதற்கு எல்லோரிடமும் திட்டம் இருக்கிறது. மூடாமல் நடத்துவதற்கு நம் பள்ளியில், நம் கட்டடத்தில், நம் பிள்ளைகளை வைத்து என்ன செய்யலாம்? அடுத்த கூட்டத்துக்கு ஒரு வரைவு எழுதிக்கொண்டு போக நினைக்கிறேன். உங்கள் அனுபவம் வேண்டும்.

---

தென்னந்தோப்பு

டீச்சர், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். நான் சொல்கிறேன்.

2021 ஏப்ரலில் என் மூத்த மகள் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினாள். ஜனவரியிலிருந்தே பத்தாம் வகுப்புக்கு மட்டும் பள்ளிக்குப் போய் வந்தாள். பரீட்சை முடிந்த அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். பிறகு எனக்கு, அப்புறம் என் அம்மாவுக்கு. மே மாதம் அம்மா போய்விட்டார். அவள் கொண்டு வந்தாளா, நான் பால் சொசைட்டியிலிருந்து கொண்டு வந்தேனா, தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. ஆனால் என் மகள் இன்று வரைக்கும் தன்னால்தான் என்று நினைக்கிறாள். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டோம்.

அவள் வகுப்பில் ஒரு பையனுக்குத் தொற்று இருந்தது எங்களுக்கு நாலு நாள் கழித்துத்தான் தெரியும். அதுவும் அடுத்த வீட்டுக்காரர் சொல்லி. பள்ளியிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. 'பாதுகாப்பாகத் திறக்கிறோம்' என்று அப்போதும் சொன்னார்கள். ஒரே வீட்டில் தாத்தா பாட்டியோடு இருக்கிற நம் மாதிரி ஊரில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று முதலில் சொல்லுங்கள்.

---

சித்தூர்_சிஸ்டர்

தென்னந்தோப்பு அண்ணா, உங்கள் அம்மாவுக்கு என் அஞ்சலி. உங்கள் மகளிடம் என் சார்பில் ஒன்று சொல்லுங்கள். 2021 மே மாதம் நான் பணியில் இருந்தேன். அப்போது வந்தவர்களில் வெளியே எங்கும் போகாத பாட்டிமார் எத்தனையோ பேர். தொற்று எந்தக் கதவு வழியாக வந்தது என்று எங்களாலேயே சொல்ல முடியவில்லை. ஒரு பதினைந்து வயசுப் பெண் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். முதலில் எந்த நோய் என்று பார்க்க வேண்டும். நிபா வேறு, கொரோனா வேறு. நிபா வந்தால் பெரும்பாலும் நோயாளியின் மிக அருகில் இருந்து கவனித்தவர்களுக்குத்தான் பரவுகிறது. 2018இல் கோழிக்கோட்டில் ஆஸ்பத்திரிகளில்தான் அதிகம் பரவியது. தொடர்பில் இருந்தவர்களைக் கண்டுபிடித்துத் தனியாக வைத்தால் அடங்குகிறது. அப்படிப்பட்ட நோய்க்கு அந்த வார்டுகளில் மட்டும் சில நாள் பள்ளியை நிறுத்துவதில் நியாயம் உண்டு. முண்டிநீர், அதான் பொன்னுக்கு வீங்கி, 2024இல் கேரளம் முழுக்கக் கிளம்பியதே, அது இன்னொரு வகை. மஞ்சள் காமாலைக்குத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டு என்பது சரியான வைத்தியம் இல்லை.

கொரோனா காற்றில் பரவியது. இதை உலகம் ஒத்துக்கொள்ளவே ரொம்ப நாள் எடுத்துக்கொண்டது. 2020 மார்ச்சில் அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாட்டுக் குழுவில் 61 பேர் ஒரு அறையில் பயிற்சி எடுத்தார்கள். கை கழுவினார்கள், கை குலுக்கவில்லை. அப்படியும் 53 பேருக்கு நோய் வந்தது, அதில் உறுதியானதும் உண்டு, சந்தேகத்துக்கு உரியதும் உண்டு. இரண்டு பேர் இறந்தார்கள். மூடிய அறை, பாட்டு, இரண்டரை மணி நேரம். நம் ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு கத்திச் சொல்வதை நினைத்துப் பாருங்கள்.

நாம் என்ன செய்தோம்? வாசலில் நின்று நெற்றியில் வெப்பமானியைக் காட்டினோம். பெஞ்சுக்கு மருந்து தெளித்தோம். உடம்பு சுடுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரப்பக்கூடிய நோய்க்கு வாசல் வெப்பமானி பெரிதாக எதையும் தடுக்காது. நானும் அந்த வரிசையில் நின்று காட்டியவள்தான். அந்த நேரத்தில் ஜன்னலைத் திறந்திருக்கலாம்.

இன்னொன்று. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2021 ஜூன், ஜூலையில் நாடு முழுக்க ரத்தப் பரிசோதனை செய்தது. 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே எதிர்ப்பொருள், அதாவது தொற்று வந்து போனதன் அடையாளம், இருந்தது. அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஒரு வருஷத்துக்கு மேலாகப் பள்ளியே இல்லை! அப்படியிருந்தும் பாதிக்கு மேல் தொற்றிவிட்டது. பள்ளியைத் திறப்பதென்றால் தொடக்கப் பள்ளியிலிருந்து தொடங்குவது நல்லது என்று அதன் தலைவரே அப்போது சொன்னார். பல மாநிலங்களில் நடந்தது தலைகீழ். 10, 12ஆம் வகுப்புகள் முதலில், சின்னப் பிள்ளைகள் கடைசியில்.

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. தொற்றுக்குப் பிறகு உடம்பு முழுக்க அழற்சி வந்து தீவிர சிகிச்சையில் கிடந்த பிள்ளைகளும் உண்டு. அது அரிது, ஆனால் உண்டு. அதனால்தான் திறந்தால் போதாது, சரியாகத் திறக்க வேண்டும் என்கிறேன்.

---

லயத்துப்பெண்_வண்டிப்பெரியார்

நான் இடுக்கிக்காரி. 2020இல் ஒன்பதாம் வகுப்பு. எஸ்டேட் லயத்தில் ஒரே வரிசையில் எட்டு வீடு, வீட்டுக்கு ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. 'வீட்டிலேயே பத்திரமாக இருங்கள்' என்று டிவியில் சொல்லும்போது அந்த ஒரே அறையில் நாங்கள் ஆறு பேர். கொழுந்து கிள்ளப் போகிற அம்மாவுக்கு ஊரடங்கிலும் கொஞ்ச நாளில் வேலை தொடங்கிவிட்டது. மஸ்டர் (வருகைப் பதிவு) அடிக்கிற இடத்தில் எல்லோரும் கூடுவார்கள். சாயங்காலம் அம்மா எங்களோடுதான் படுப்பார். பள்ளி மூடியிருந்ததால் எங்களுக்குத் தொற்றாமல் இருந்ததா? இல்லை, லயம் மொத்தத்துக்கும் வந்தது.

சிக்னலுக்காக மேட்டில் இருக்கிற பாறைக்கு ஏறுவோம். மழையில் ஒரு குடை பிடித்து மூன்று பேர் ஒரு போனைப் பார்ப்போம். என்னோடு படித்த இரண்டு பேர் அதன் பிறகு பள்ளிக்கு வரவே இல்லை. ஒருத்தி தேனிப் பக்கம் மில் வேலைக்குப் போனாள். அவளை இப்போது கேட்டால் 'மறந்து போச்சு' என்கிறாள், படிப்பையா பள்ளியையா என்று நான் கேட்கவில்லை.

பள்ளியில் மதியச் சோறு சாப்பிட்ட பிள்ளைகளுக்குக் கிட் கொடுத்தார்கள், அரிசி, பயறு, எண்ணெய். அது உதவியது. ஆனால் வீட்டுக்கு வந்த அரிசியை வீடே பங்கு போடும். கஞ்சிப்புரையில் (பள்ளிச் சமையல்கூடத்தில்) விளம்பிய சோறு அந்தப் பிள்ளைக்கு மட்டும் உரியது.

டீச்சர், உங்கள் திட்டத்தில் காற்றோட்டம் என்று எழுதும்போது எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் எங்கள் பக்கம் ஜன்னல் திறந்தால் சாரல் அடித்து நோட்டு நனையும். குளிரில் சின்னப் பிள்ளைகள் நடுங்கும்.

---

மேஸ்திரி_ஒழலபதி

கட்டட வேலை செய்கிறவன், நாலு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் பழைய ஓட்டுக் கட்டடங்களில் சுவர் முடிகிற இடத்துக்கும் ஓட்டுக்கும் நடுவில் ஒரு சாண் வெளி இருக்கும். பிள்ளைகள் விடுகிற சூடான மூச்சு மேலே ஏறி அது வழியாகப் போய்விடும். வராந்தாப் பக்கம் அரைச்சுவர் மட்டும். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே தட்டி. சத்தம் கேட்கும், உண்மைதான், ஆனால் காற்று ஓடும். இப்போது கட்டுகிற கான்கிரீட் அறையில் அந்த வெளி இல்லை. அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் வைக்கிறார்கள். அதை முழுக்கத் திறந்தாலும் பாதிதான் திறக்கும், ஒரு கதவு இன்னொரு கதவின் மேல் நிற்கும். பெரிய வகுப்பாக இருந்தால் புரொஜெக்டர் படம் தெரிய வேண்டும் என்று திரைச்சீலையும் போட்டுவிடுவார்கள். கேரளத்தில் 8 முதல் 12 வரை 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் வெளிச்சத்தை அடைக்கும்போது காற்றையும் சேர்த்து அடைத்துவிடுகிறோம்.

நாம் இருப்பது பாலக்காட்டுக் கணவாய் வாயில். மலைத்தொடரில் முப்பது கிலோமீட்டர் அளவுக்கு விட்ட இடைவெளி. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கும், மார்கழி, தையில் கிழக்கேயிருந்து அடிக்கும். கஞ்சிக்கோட்டில் காற்றாலை நிற்பது சும்மா இல்லை. கிழக்கிலும் மேற்கிலும் எதிரெதிராக ஒரு திறப்பு இருந்தால் போதும், கணவாய் பார்த்துக்கொள்ளும். ஒரே பக்கம் ஜன்னல் உள்ள அறையில்தான் பிரச்சினை. அங்கே சீலிங் ஃபேன் போட்டால் உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றி எல்லோருக்கும் பரிமாறும்.

அப்படிப்பட்ட அறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். கணக்கு சொல்கிறேன். இயற்கைக் காற்றோட்டத்தில் ஆளுக்கு வினாடிக்கு 10 லிட்டர் புதுக் காற்று என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. 35 பிள்ளை என்றால் 350 லிட்டர், மணிக்கு 1,260 கன மீட்டர். பன்னிரண்டு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் பெட்டியின் மேல் மணிக்கு எவ்வளவு இழுக்கும் என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து வாங்கினால் ஒன்றோ இரண்டோ போதும். ஃபேன் வைத்த சுவருக்கு எதிர்ச் சுவரில்தான் காற்று நுழைய வேண்டும். கதவுக்கு மேலேயே ஃபேன் வைத்துக் கதவையும் திறந்து வைத்தால், கதவில் நுழைந்த காற்று அப்படியே ஃபேனில் வெளியேறிவிடும், பெஞ்சுப் பக்கம் வராது.

வண்டிப்பெரியார்த் தங்கைக்கு: உங்கள் பக்கம் ஜன்னலின் மேல் பாதியை மட்டும் தனியாகத் திறக்கிற மாதிரி வைத்து, வெளியே சாய்வாக ஒரு தகரச் சாரல் மறைப்புப் போட்டால் தண்ணீர் உள்ளே வராது. தலைக்கு மேலே காற்று போகும், பிள்ளைகள் மேல் நேராக அடிக்காது.

---

வண்ணாமடை_அம்மா

படித்துக்கொண்டே வந்தேன். ஒரு விஷயத்தை யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் கூலி வேலைக்குப் போகிறவள். வீட்டில் வேறு பெரியவர்கள் இல்லை. பையனுக்குக் காய்ச்சல் வந்த அன்று காலையில் சிரப் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பதினொரு மணி வரைக்கும் சூடு தெரியாது. பள்ளியிலிருந்து போன் வந்தால் ஓடிப் போவேன். தப்பு என்று தெரியும். அன்றைக்கு வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. அதோடு அவன் பள்ளியில் ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் பரிசு கொடுப்பார்கள். அவனே 'எனக்கு ஒன்றுமில்லை அம்மா, அனுப்பு' என்று அழுவான்.

ஜன்னல் வைப்பது நல்லது. காய்ச்சல் உள்ள பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள என் மாதிரி ஆட்களுக்கு என்ன வழி என்றும் அந்த வரைவில் எழுதுங்கள் டீச்சர்.

---

சித்தூர்_சிஸ்டர்

அக்கா, நீங்கள் எழுதியதுதான் இந்த இழையிலேயே முக்கியமான பதிவு என்று நினைக்கிறேன். நீங்கள் மட்டும் இல்லை, எங்கள் ஓ.பி.யில் வாரத்துக்கு நாலு தாய்மார் இதைச் சொல்கிறார்கள்.

லீவு போடாததற்குப் பரிசு என்பதை நிறுத்த வேண்டும். காய்ச்சலில் வீட்டில் இருந்த நாளை வருகைக் கணக்கில் குறைக்கக் கூடாது. பார்த்துக்கொள்வதற்குக் குடும்பஸ்ரீ (கேரளத்துப் பெண்கள் சுயஉதவிக் குழு) அயல்கூட்டத்தில் பேசலாம். பத்துப் பதினைந்து வீட்டுப் பெண்கள் வாரா வாரம் கூடுகிறார்கள், வேலைக்குப் போகாத ஒருவர் எப்படியும் இருப்பார். முறை வைத்துக்கொள்ளலாம். அவருக்கு ஒரு தொகை பி.டி.ஏ. கொடுக்க வேண்டும், சும்மா செய்யச் சொல்லக் கூடாது.

---

ஆனைமலை_அப்பா

நான் தமிழ்நாட்டுப் பக்கம். எங்கள் அக்கா குடும்பம் கோபாலபுரம் தாண்டி இந்தப் பக்கம் குடியிருக்கிறது, பிள்ளைகள் படிப்பது அந்தப் பக்கம் தமிழ் வழிப் பள்ளியில். நடந்தே போகிற தூரம். 2021 ஆகஸ்ட் 5 முதல் கேரளத்திலிருந்து வருகிறவர்கள் ஆர்.டி.பி.சி.ஆர். சான்று காட்ட வேண்டும், இல்லையென்றால் இரண்டு ஊசி போட்ட சான்று வேண்டும் என்றார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே ஊசியே அப்போது கிடையாது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே 2022 ஜனவரி 3ஆம் தேதிதான் தொடங்கியது. அப்படியானால் நோட்டுப் புத்தகமும் பாடப் புத்தகமும் வாங்க அந்தப் பக்கம் போன பிள்ளை திரும்பி வருவது எப்படி? சோதனைச் சாவடியில் நின்றவர்கள், பாவம், தெரிந்த முகத்துக்கு விட்டார்கள், ஆள் மாறினால் விடவில்லை.

தொடக்கப் பள்ளிகளை இரண்டு மாநிலமும் ஒரே நாளில், 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. ஆனால் 2022 ஜனவரி அலைக்குப் பிறகு இங்கே பிப்ரவரி 1, அங்கே ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் பிப்ரவரி 14. ஒரே தெருவில் ஒரு பிள்ளை பை மாட்டிப் போகிறது, இன்னொன்று வாசலில் நின்று பார்க்கிறது. எல்லைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டையே பாஸ் என்று கோயம்புத்தூர், பாலக்காடு இரண்டு கலெக்டர்களும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் போதும். நோய் வந்த பிறகு மனு எழுதிக்கொண்டு அலைய முடியாது.

இன்னொரு அனுபவம். இங்கே 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. சாயங்காலம் தெருவிலோ கோயில் மண்டபத்திலோ தன்னார்வலர் ஒருவர், இருபது பிள்ளைகளுக்கு மேல் இல்லை. எங்கள் தெருவில் நடத்தியது பி.எட். படித்த ஒரு பெண். திறந்த வெளி, சின்னக் கூட்டம், எல்லோரும் அடுத்தடுத்த வீடு. முழுக்க மூடுவதற்கும் முழுக்கத் திறப்பதற்கும் நடுவில் இப்படி ஒரு படி இருக்கிறது. இதை 2020 ஜூனிலேயே செய்திருந்தால் என் மகன் ஒரு வருஷத்தை இழந்திருக்க மாட்டான்.

---

வேலந்தாவளம்_டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. வண்ணாமடை அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் பள்ளியில் அந்தப் பரிசுக்குப் பெயர் எழுதிக் கொடுப்பது நான்தான் என்பது நினைவுக்கு வந்தது. இந்த வருஷம் எழுத மாட்டேன்.

மேஸ்திரி அண்ணா சொன்ன பிறகு நண்பர் ஒருவரிடம் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் கடன் வாங்கி மூன்று நாள் வைத்துப் பார்த்தேன். நாம் விடும் மூச்சு அறைக்குள் எவ்வளவு தேங்குகிறது என்பதை அது காட்டும். வெளியே வெட்டவெளியில் 420, 430 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) காட்டியது. பழைய ஓட்டுக் கட்டடத்தில் நாலாம் வகுப்பு, பிள்ளைகள் நிறைந்திருந்தும் 600ஐ ஒட்டியே நின்றது. புதுக் கட்டடத்தில் என் வகுப்பு. பக்கத்தில் வேலை நடக்கிறது, தூசு என்று ஜன்னலைச் சாத்தியிருந்தோம். அரை மணி நேரத்தில் 2,000 தாண்டியது! ஜன்னலும் கதவும் திறந்ததும் பத்து நிமிஷத்தில் 900க்கு இறங்கிவிட்டது. 800க்குக் கீழே இருப்பது நல்லது என்று படித்தேன். மதியம் பிள்ளைகள் தூங்கி வழிவது சோற்றினால் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனேன். நம் கிழக்குப் பஞ்சாயத்துகள், கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி எல்லாம் மழை மறைவுப் பகுதி. மற்ற கேரளம் நனைகிற நாளிலும் நமக்குப் பாதி நாள் காய்ந்திருக்கும். திண்ணையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படித்தவர்கள்தானே நம் பாட்டன்மார். 1904இல் ஜெர்மனியில் பெர்லின் பக்கத்தில் காசநோய்க்குப் பயந்து காட்டுக்குள் பைன் மரத்தடியில் பள்ளி நடத்தினார்கள். 1918 பெரிய காய்ச்சலின்போதும் (ஸ்பானிஷ் ஃப்ளூ) நியூயார்க், சிகாகோ நகரங்கள் பள்ளிகளை மூடவில்லை. நெரிசலான வீட்டைவிட டாக்டரும் நர்சும் தினமும் பார்க்கிற பள்ளியில் பிள்ளை இருப்பது மேல் என்று நியூயார்க்கின் சுகாதார ஆணையர் முடிவெடுத்தார். வண்டிப்பெரியார்த் தங்கை எழுதிய லயத்தைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

வரைவில் இப்போதைக்கு எழுதியிருப்பது: ஒவ்வொரு அறையிலும் எதிரெதிர்த் திறப்பு, இல்லாத இரண்டு அறைகளில் எக்ஸாஸ்ட் ஃபேன். வாய்ப்பாடு, பாட்டு, உரக்க வாசிப்பு எல்லாம் மரத்தடியில். பத்துப் பத்துப் பிள்ளைகளாகப் பிரித்து அவர்கள் ஒன்றாகவே இருப்பது. 2021இல் பயோ பபுள் என்று செய்தோமே அதேதான், ஆனால் அப்போது வகுப்பறையில் பிரித்து வைத்துவிட்டுச் சாப்பாட்டில் கலந்துவிட்டோம். முகக்கவசம் கழற்றுகிற நேரமே சாப்பாட்டு நேரம். கஞ்சிப்புரை அக்காவிடம் பேசியிருக்கிறேன், வராந்தாவில் மூன்று பந்தியாக விளம்பச் சம்மதித்தார். அவருக்கு உதவிக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார், நியாயம்தான்.

---

தென்னந்தோப்பு

நீங்கள் இவ்வளவு தூரம் போய்ப் பார்த்தது எனக்கு மரியாதையாக இருக்கிறது டீச்சர். ஆனால் நான் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. தொற்று வந்தால் எங்களுக்கு எப்போது சொல்வீர்கள்?

---

வேலந்தாவளம்_டீச்சர்

அன்றே. தெரிந்த அன்று மாலை ஐந்து மணிக்குள். பிள்ளையின் பெயர் சொல்லாமல், எந்தக் குழு என்று மட்டும் சொல்லி, அந்தக் குழுவின் எல்லா வீட்டுக்கும் போன். வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு விடுவது இல்லை, போன். இதை வரைவின் முதல் வரியாக மாற்றிவிட்டேன்.

வீட்டில் வயதானவர்களோ நோயாளிகளோ இருந்து, அலை உச்சத்தில் இருக்கும்போது பிள்ளையை அனுப்ப விரும்பாத குடும்பத்துக்கு வாரம் இரண்டு நாள் ஆசிரியர் போய் வாசலில் வைத்துப் பாடம் கொடுப்பது என்றும் சேர்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று இப்போதே கணக்கெடுக்க வேண்டும்.

---

சித்தூர்_சிஸ்டர்

இதோடு, பாட்டி தாத்தாவுக்கு ஊசி போட்டிருக்கிறதா என்ற பட்டியலை வார்டின் ஆஷா சுகாதாரப் பணியாளரிடமிருந்து வாங்கி வையுங்கள். பிள்ளைகளைத் தடுப்பதைவிட அவர்களைக் காப்பது எளிது. அலை நேரத்தில் பள்ளியிலிருந்து வந்த பிள்ளை பாட்டி அருகில் படுக்காமல் இருந்தாலே ஆபத்து குறையும்.

மேலே ஒருவரும் எழுதாத ஒன்று. 2021இல் கடைக்கும் கல்யாணத்துக்கும் பஞ்சாயத்து பஞ்சாயத்தாக, பிறகு வார்டு வார்டாகத் தொற்றுக் கணக்குப் பார்த்துக் கட்டுப்பாடு போட்டார்கள். ஒரு வார்டில் கடை திறந்திருக்கும், அடுத்த வார்டில் சாத்தியிருக்கும். அவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போடத் தெரிந்த நமக்குப் பள்ளிக்கூடம் மட்டும் தெற்கே பாறசாலை முதல் வடக்கே மஞ்சேஸ்வரம் வரைக்கும் ஒரே பூட்டு. நோய் குறைந்திருந்த வார்டிலும் பள்ளி மூடியிருந்தது. வார்டு அளவில் முடிவெடுக்கிற உரிமையைப் பஞ்சாயத்தும் பி.டி.ஏ.யும் சேர்ந்து கேட்க வேண்டும்.

---

லயத்துப்பெண்_வண்டிப்பெரியார்

ஒரு எண் மட்டும் சேர்க்கிறேன், வரைவில் போட உதவும். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கிற ஏசர் கிராமப்புற ஆய்வில், கேரளத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018இல் 52.1 சதவீதம், 2022இல் 38.7. படிப்பில் முன்னால் நிற்கிற மாநிலம் என்று சொல்கிறோம், நமக்கே இவ்வளவு சரிவு. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021 ஜனவரியில் ஐந்து மாநிலங்களில் 16,067 பிள்ளைகளைப் பார்த்தது. 92 சதவீதம் பேர் முந்தைய ஆண்டு தெரிந்திருந்த மொழித்திறனில் ஒன்றையாவது மறந்திருந்தார்கள்.

நான் இப்போது கல்லூரியில் படிக்கிறேன், அடுத்து பி.எட். சேர வேண்டும். அந்த 'மறந்து போச்சு' என்று சொன்ன தோழியின் தங்கை ஏழாம் வகுப்பு படிக்கிறாள். சாயங்காலம் அவளும் இன்னும் ஐந்து பிள்ளைகளும் எங்கள் லயத்து வாசலுக்கு வருகிறார்கள்.

---

மேஸ்திரி_ஒழலபதி

டீச்சர், அந்த இரண்டு அறையைப் பார்க்காமல் ஃபேன் வாங்க வேண்டாம். சுவர் கருங்கல்லா செங்கல்லா, பீம் எங்கே ஓடுகிறது என்று பார்த்துத்தான் ஓட்டை போட முடியும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறேன். கூலி வேண்டாம், ஃபேனும் ஒயரும் மட்டும் பி.டி.ஏ. வாங்கட்டும். நெட்டை ஏணி ஒன்று வேண்டும், என்னுடையது பொள்ளாச்சி வேலையில் மாட்டியிருக்கிறது.

---

தென்னந்தோப்பு

ஏணி என்னிடம் இருக்கிறது, கொண்டு வருகிறேன். என் மகளும் வருகிறாள், கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். அந்த மீட்டரை எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குக் காட்டிக் கொடுங்கள் டீச்சர்.